மாதேஸ்வரி கடை ஏப்பத் தண்ணி

ஓசூர்க் குளிரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் யாரும் இங்கே இட்லிக் கடை வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. ஊட்டி மாதிரி இருக்கும் சார், ஃபேனே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி மனை விற்கிறார்கள். மனை விற்கிறவனுக்கு மாவு புளிக்காத கஷ்டம் என்ன தெரியும்? கார்த்திகை பிறந்துவிட்டால் கெலவரப்பள்ளி அணைப் பக்கமிருந்து பனி கிளம்பி வந்து சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் ஆட்டி வைத்த மாவை விடிகாலையில் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடக்கும். ஒரு விரற்கடை கூட ஏறியிருக்காது.

நான் விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் மாவை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் அது பாத்திரத்தை விட்டு இறங்கி வாசல்வரை வந்துவிடும். பிழைப்புக்காக இந்தக் குளிரில் வந்து மாட்டிக்கொண்டு, ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலைச் சாப்பாடு எப்போதும் மாதேஸ்வரி அக்கா கடையில்தான். அக்கா என்கிறேனே தவிர என்னைவிட வயதில் சின்னவர். சிப்காட்டில் இட்லி ஊற்றுகிற பெண் எல்லோருக்கும் அக்காதான்.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவருக்கு. மாந்தோப்பில் கூலி வேலை பார்த்த குடும்பம். கல்யாணமாகி ஓசூர் வந்ததும் ரோஜாப் பூ பண்ணையில் வேலைக்குப் போனார். அந்த முள் கீறிய தழும்புகள் இப்போதும் கையில் இருக்கின்றன. கணவர் சென்றாயன் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாயைத் திறந்து பேசுவதை அவர் மிகுந்த செலவாக நினைப்பவர். கணவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சேர்த்து அக்கா செலவழிப்பார். அத்திப்பள்ளி ஆட்களிடம் கன்னடம், ஆந்திராவின் குப்பத்து ஆட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்று பேரையும் ஒரே மூச்சில் திட்டவேண்டி வந்தால் மூன்றையும் கலந்து திட்டுவார். யாருக்கும் விளங்காமல் போனதில்லை.

பூப்பண்ணையை விட்டுவிட்டு, காலை ஷிஃப்ட் பஸ்கள் நிற்கும் முனையில் கடை போட்டார். சித்திரையில் போட்ட கடை, ஐப்பசிவரை ஓகோவென்று ஓடியது. கார்த்திகையில் இட்லி படுத்துக்கொண்டது. தட்டையாய், கனமாய், கடித்தால் பல்லை எதிர்த்தது. சந்தோஷ் என்று ஒருவன், எந்திரப் பிரிவில் வேலை பார்ப்பவன், சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து இட்லியின் கனத்தை அளந்தான்.

"அக்கா, டாலரன்ஸுக்குள்ளதான் இருக்குது. பெரிய மோட்டாருக்கு வாஷரா போட்டுக்கலாம்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் திரும்பி நின்று கரண்டியை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். பூப்பண்ணைக்குத் திரும்பிப் போகப் பிடிக்காத ஒரு பெண்ணுக்கு இட்லி எழும்பாமல் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

மாவு மெஷின்காரர்தான் வழி சொன்னார். சிட்டிகை சோடா உப்பு போடும்மா, இந்த ஊர்ல போடாத கடை ஏது என்றார். போட்டார். மறுநாள் இட்லி எழுந்து நின்றது. சந்தோஷ் வெர்னியரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றான்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. பனி கூடினால் பயம் கூடும். பயம் கூடினால் சிட்டிகை கூடும். இட்லிக்குப் போட்டது போண்டாவுக்கும் போயிற்று. சீக்கிரம் வேகட்டும் என்று மூக்கடலைக் குருமாவுக்கும் போயிற்று. வெயில் வந்த பிறகாவது குறைத்தாரா என்றால் அதுவும் இல்லை. வாடிக்கையாளர் நாக்கு அந்த மெதுமெதுப்புக்குப் பழகிவிட்டது, அவர் கையும் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. மாவு புளித்து எழும்புவது வேறு, சோடா தூக்கிவிட்டு எழும்புவது வேறு என்பதெல்லாம் காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு எதற்கு? வட்டமாக, வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் இட்லி.

பத்து மணி வாக்கில் வயிறு தவில் மாதிரி விறைத்துக்கொள்ளும். எங்கள் ஸ்டோர்ஸில் நாங்கள் மாற்றி மாற்றிப் பெல்ட்டைத் தளர்த்துவோம். கம்பெனி டீயைக் குறை சொல்வோம், ஷிஃப்ட்டைக் குறை சொல்வோம், மேனேஜரைக் குறை சொல்வோம். இட்லியை மட்டும் யாரும் சொன்னதில்லை. அக்காவிடம் போய், வயிறு உப்பலா இருக்குதுக்கா என்று நான்தான் முதலில் சொன்னேன் என்று நினைவு. அவருக்குப் பொறுக்கவில்லை. தன் கையால் வாங்கித் தின்றவன் வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காத மனுஷி அவர். மறுநாளே ஒரு மருந்து வைத்துவிட்டார்.

எலுமிச்சம்பழத் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு. டம்ளரை நம் கையில் கொடுத்துவிட்டு, மேலே சோடா உப்பைத் தூவுவார். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு மேலே வரும். நுரை அடங்குவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். குடித்ததும் அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பி வரும் பாருங்கள், ஆகா! வரிசையில் நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். காசு கிடையாது, அக்காவின் உபயம். அதற்கு ஏப்பத் தண்ணி என்று பெயர் வைத்து, கம்பெனி பஸ் டிரைவர்கள் எல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து குடித்துவிட்டுப் போனார்கள். உப்பலைக் கொடுத்ததும் அதை இறக்கியதும் அலமாரியில் இருந்த ஒரே பாக்கெட்தான் என்பது கொடுத்தவருக்கும் தெரியவில்லை, குடித்த எங்களுக்கும் தெரியவில்லை.

அந்தத் தண்ணீருக்குப் பரம பக்தன் ஒருவன் இருந்தான். ஆனந்தராஜ். ராயக்கோட்டைப் பையன், ஃபோர்ஜிங் கம்பெனியில் காய்ச்சிய இரும்பை இடுக்கியால் பிடித்துப் புரட்டுகிற வேலை. முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வான். ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு கூடைத் தக்காளி கொண்டுவருவான். கூடப் பிறந்த தம்பி இல்லாத குறையை இவனை வைத்துத் தீர்த்துக்கொண்டார் அக்கா. அவனுக்கு நெஞ்செரிச்சல். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு டம்ளர், சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர், ஷிஃப்ட் முடிந்து போகும்போது ஒரு டம்ளர்.

"உள்ள ஃபர்னஸ் மாதிரி எரியுதுக்கா. உன் கையால குடிச்சாதான் அணையுது," என்பான்.

"எரிச்சல் அதிகமா இருந்தா இன்னும் கொஞ்சம் தூக்கலா போடறேன், குடி சாமி," என்பார் அக்கா. அவனுக்கு மட்டும் எப்போதும் தூக்கல்தான். பாசம் அளவு பார்க்குமா?

மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. போன மார்கழியில் ஒருநாள் காலை, எதிரில் நிற்கிற பஸ் தெரியாத அளவுக்குப் பனி. ஆனந்தராஜ் டம்ளரை வாங்கிக் குடித்தான். நாங்கள் ஏப்பத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அந்தக் குளிரில் அவன் முகமெல்லாம் வியர்த்திருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், வாந்தி எடுத்தான். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கருப்பாக வந்தது. அப்படியே சரிந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் வந்தது. பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்லவில்லை, ஒருநாள் சம்பளம் என்பது லேசான காரியம் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

பக்கத்தில் லால் பாஷாவின் பேக்கரி. பன்னும் ரஸ்க்கும் போடுகிற கடை. டெலிவரிக்குக் கிளம்பத் தயாராக அவருடைய ஆம்னி வேன் நின்றுகொண்டிருந்தது, உள்ளே முழுக்க பன் தட்டுகள். அக்கா யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து தட்டுகளை இழுத்து ரோட்டில் போட்டார். சூடான பன்கள் பனியில் உருண்டன.

"அய்யய்யோ, என்னா மா பண்ற?" என்று ஓடிவந்த பாஷா, ஆனந்தராஜைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்தார். அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம். கசிவை நிறுத்திவிட்டோம், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் வந்து சொன்னபோதுதான் அக்கா சுவரில் சாய்ந்தார். சுப்ரியா என்று பெயர் போட்டிருந்த சின்ன வயது டாக்டர், பொறுமைசாலி.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்காங்க மேடம்."

"ரொம்ப நாளா எரிச்சல் இருந்திருக்கணுமே. சொல்லவே இல்லையா?"

"சொல்வானுங்க. நான் தண்ணி குடுப்பேன், அடங்கிரும்."

"என்ன தண்ணி?"

அக்கா சொன்னார். எலுமிச்சை, உப்பு, சோடா உப்பு, நுரை, ஏப்பம் எல்லாம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் முகத்தில் கோபம் வரவில்லை, சலிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"புண்ணு வந்ததுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வலி மாத்திரைங்கம்மா. அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஆனா சோடா உப்பு வயித்துல இருக்கற அமிலத்த அப்போதைக்கு அடக்கும். அடக்கறப்ப காத்து வரும், அதான் ஏப்பம். எரிச்சல் போயிரும், புண்ணு போகாது. எரிஞ்சாதானே டாக்டர்கிட்ட வருவாங்க? எரியாததால இவரு வரல. தினம் மூணு வேள குடிச்சா உடம்புல சோடியம் வேற ஏறும். பிரஷர் இருக்கறவங்க, கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கு அது ரொம்பக் கெடுதல்."

"இட்லிக்குப் போடறதும் தப்புங்களா?"

"சிட்டிகை போட்டா ஒண்ணும் விஷமில்லம்மா. உலகம் பூரா கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் போடறாங்க. அளவு மீறினாதான் உப்பல், காத்து எல்லாம். அப்புறம், மாவு புளிச்சா நுண்ணுயிரி பாதி வேலைய முன்னாடியே முடிச்சுக் குடுக்குது, அதான் இட்லி சுலபமா செரிக்குது. சோடா அந்த வேலையச் செய்யாது. உப்ப வைக்கும், அவ்வளவுதான்."

"சிட்டிகைனா எவ்வளவுங்க மேடம்?"

டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். அக்கா அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அவருடைய சிட்டிகை எப்போதோ உள்ளங்கைக் குழி அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது. பாத்திரமும் பெரிசுதானே என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் நானும் அக்காவும் பார்க்கப் போனோம். ராயக்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வராந்தா நிறைய நின்றிருந்தார்கள். ஆனந்தராஜின் மனைவி சுமலதா, கார்மெண்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள், அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். அக்காவைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா எம்புருஷன் இல்லங்க்கா. என் தாலிய காப்பாத்துன சாமி நீங்க."

கூட நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். பன்னையெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டு வண்டியில் ஏற்றிய கதை அதற்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். பொய்யும் இல்லை; அவர் காப்பாற்றியது நிஜம். நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"சுமலதா, நான் சொல்றத கேளு," என்றார் அக்கா. நான் முழங்கையால் இடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"அவனுக்கு எரிஞ்சப்பல்லாம் நான் சோடா உப்புத் தண்ணி குடுத்து அமுக்கினேன். எத்தனையோ மாசமா. எரிய விட்டிருந்தா எப்பவோ டாக்டர்கிட்ட போயிருப்பான். இட்லியிலயும் அள்ளி அள்ளிதான் போட்டேன். எனக்குத் தெரியாது கண்ணு, சத்தியமா தெரியாது. ஆனா செஞ்சது நான்தான். நீ என்னை சாமின்னு சொல்லாத."

கும்பிட்ட பெரியவர்தான் முதலில் கத்தினார். காசுக்காக மனுஷனைக் கொல்லப் பார்த்தியா என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாத வார்த்தைவரை போனார். மூன்று மொழியில் திட்டத் தெரிந்த வாய் அன்றைக்குக் கட்டிக்கொண்டு நின்றது. சுமலதா பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"மாத்திரதான் காரணம்னு டாக்டரே சொல்லிட்டாங்கள்ல? எதுக்குக்கா இப்படித் தலையில மண்ண வாரிப் போட்டுக்கறீங்க?"

"பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலயும் ஆட்டறதும்பாங்களே, அதானுங்கண்ணா நான் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாம கிள்ளினா மட்டும் பிள்ளைக்கு வலிக்காதுங்களா?"

கண்டக்டர் வந்தார்; இரண்டு டிக்கெட்டையும் நானே எடுத்தேன்.

மறுநாள் சோடா இல்லாமல் இட்லி ஊற்றினார். மார்கழி நடுவில்! பழைய வாஷர் திரும்பி வந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொன்னார். ஏப்பத் தண்ணி இனி கிடையாது என்பதையும் சொன்னார். சொல்லாமலே நிறுத்தியிருந்தால்கூட, மாவு சரியில்லை போல என்று நாலு நாள் பொறுத்திருப்பார்கள். சொன்னதுதான் வினையாகிவிட்டது. இத்தனை நாள் எங்களுக்கு என்னத்தைப் போட்டாய் என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அவனேதான் தினம் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவன். வாட்ஸ்அப்பில் ஒருவர் சோடா உப்பு கொடிய விஷம் என்று அனுப்பினார். அதே ஆள் அடுத்த வாரம் சோடா உப்பு குடித்தால் குடல் சுத்தமாகும் என்றும் அனுப்பினார். இரண்டையும் நம்புகிறவர்களோடுதான் நான் வேலை பார்க்கிறேன், என்ன செய்ய?

எதிர்ச் சாரியில் ஒரு தள்ளுவண்டி வந்தது. அங்கே இட்லி கும்மென்று உப்பியிருந்தது. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. மிஞ்சிய இட்லியை அக்காவும் சென்றாயனும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் தின்றார்கள். "பேசாம கடைய மூடிரு" என்று சென்றாயன் ஒருநாள் வாயைத் திறந்து சொன்னாராம். அவர் பேசினாலே விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வழி பக்கத்துக் கடையிலேயே இருந்தது. பன் எல்லாம் ரோட்டில் போனதற்காக லால் பாஷா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

"உன் மாவுக்குக் குளுருதுன்னுதானே மா பிரச்சன? என் அடுப்பு ராவெல்லாம் கதகதன்னு கெடக்குது. பக்கத்து மேடை சும்மாதான் இருக்குது. கொண்டாந்து வையி. ஆனா பன் மேல கை வெச்ச, அவ்ளோதான்."

அவருடையது விறகு போட்டு எரிக்கிற செங்கல் அடுப்பு. வேலை முடிந்த பிறகும் விடியும்வரை சூடு நிற்கும். அக்கா சாயங்காலம் ஆட்டுவதை விட்டுவிட்டு மத்தியானமே ஆட்டி, அண்டாவைக் கொண்டுபோய் அந்த மேடையில் வைத்தார். முதல் நாள் அடுப்பை ஒட்டியே வைத்துவிட்டதில் மாவு தலைகால் தெரியாமல் பொங்கி, வழிந்து, கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த பன் மேலெல்லாம் இறங்கிவிட்டது. மறுபடியும் பன்! பாஷா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்காவோ வழிந்த மாவைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, சிரித்தார். புளித்த வாசனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து இடம் பிடிபட்டது. இட்லி எழும்பியது. சோடா போட்டபோது எழும்பிய அளவுக்கு இல்லை, ஆனால் சின்னச் சின்னக் கண்களோடு, லேசான புளிப்போடு இருந்தது. சந்தோஷ் வந்து வெர்னியரை வெளியே எடுத்து அளந்தான்.

"பாஸ்," என்றான். பிறகு மோந்து பார்த்து, "ஆனா பன்னு வாசன அடிக்குதுக்கா," என்றான்.

"பாய் வீட்டுல படுத்து எந்திரிச்சு வருது, பின்ன என்னா வாசன அடிக்கும்? தின்றா!" என்றார் அக்கா.

பத்து மணிக்கு என் பெல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. போன கூட்டம் முழுக்கத் திரும்பி வரவில்லை, பாதி வந்தது. போண்டாவை அவர் விடவில்லை. அதற்கு மட்டும் டாக்டர் விரலில் காட்டிய அளவு போடுகிறார். ஆனால் போட்டதை மறைப்பதில்லை. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் கண்டக்டர் மாதிரிக் குரல் கொடுப்பார்.

"போண்டாவுல சோடா இருக்குதுங்க! சிட்டிகைதான்! பிரஷர்காரங்க பாத்துத் தின்னுங்க! இட்லியில இல்லீங்க!"

தன் பண்டத்தில் என்ன இருக்கிறதென்று தானே கூவி விற்கிற கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யாராவது வந்து பழைய பழக்கத்தில், நெஞ்சு எரியுதுக்கா, ஒரு டம்ளர் குடு என்றால், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த விசாரணை ஆரம்பமாகிவிடும். எத்தனை நாளாய் எரிகிறது, வலி மாத்திரை தின்கிறாயா, வெளிக்குப் போவது கருப்பாய்ப் போகிறதா? வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்பார். பையன்கள் கூச்சத்தில் நெளிவார்கள். அதற்குப் பயந்துகொண்டே சிலபேர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எப்படியோ, போனார்கள்.

இவ்வளவும் செய்துகொண்டே ஒரு கண்ணை ரோட்டின் மேல் வைத்திருந்தார். ஆனந்தராஜ் வீடு திரும்பிவிட்டான், நன்றாகத் தேறுகிறான் என்று சேதி வந்தது. ஆனால் வரவில்லை. ஃபோனும் இல்லை. பொங்கல் போயிற்று. பெஞ்சில் அவன் உட்காருகிற ஓரத்தில் யாராவது உட்கார்ந்தால், கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்பார் அக்கா, காரணம் சொல்லமாட்டார். கூட்டம் போனதற்கு அவர் அவ்வளவு வருந்தவில்லை. அந்த ஓர் ஆள் வராததுதான் அவரை அரித்தது. ஒரு தடவை என்னிடம் கேட்கவே கேட்டார்.

"இனிமே வரமாட்டானுங்களாண்ணா?"

"வருவான்க்கா," என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்டாட்டி விடவேண்டுமே.

மாசி பிறந்து, பனி விலக ஆரம்பித்த ஒரு காலை. ஷிஃப்ட் பஸ் வரும் நேரம், நல்ல கூட்டம். வரிசையில் சுமலதா நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். கையில் டிபன் பாக்ஸ். அக்கா தலை நிமிராமல், எத்தன, எத்தன என்று கேட்டுக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அவருக்கு இட்லி வேணுங்க்கா," என்றாள் சுமலதா.

நான் வாயில் வைத்ததை மெல்லாமல் நின்றேன்.

"காரமில்லாம, லேசா செரிக்கிற மாதிரி குடுக்கச் சொன்னாங்க. எனக்கு ஷிஃப்ட்டு, மாவாட்ட முடியல. நாலு கடையில போயி சோடா போட்டிருக்கீங்களான்னு கேட்டேன். நாலு பேரும் சத்தியம் பண்றாங்க, போடவே இல்லன்னு. எனக்கு எதையும் நம்ப முடியல." அவள் பாக்ஸை நீட்டினாள். "போட்டேன்னு எங்கிட்ட சொன்ன ஒரே ஆளு நீங்கதாங்க்கா. அதான் இங்க வந்தேன்."

அக்கா பாக்ஸை வாங்கினார். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. அதை நல்ல சாக்காக வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். வராந்தாவில் அத்தனை ஏச்சு வாங்கியபோது வராத அழுகை அது. சுமலதா உள்ளே சுற்றிவந்து கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி, தானே இட்லியை எடுத்து அடுக்கினாள். ஆனந்தராஜ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியில் உட்கார்ந்திருந்தான், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, பாதி ஆளாய் இளைத்து. கையை ஆட்டினான்.

அதற்குள் பஸ் வந்து நின்றது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அக்கா கூவ வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சந்தோஷ் அவரைப் பார்த்தான். பிறகு கையை வாயில் குவித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக் கத்தினான்.

"போண்டாவுல சோடா இருக்குதுங்க! இட்லியில இல்லீங்க!"